மலேரியா ஒட்டுண்ணியின் எல்டிஹெச் நொதி: தடுப்பான் சோதனை தடம் புரளும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

புதிய சேர்மம் ஒன்றைச் சோதனைத் தட்டில் சேர்க்கிறீர்கள். திரையில் கீழே சாய்ந்துகொண்டிருந்த கோடு, அதாவது நொதி வேலை செய்யச் செய்யக் குறையும் ஒளி உறிஞ்சல், சட்டென்று மட்டமாகப் படுத்துவிடுகிறது. 'தடுப்பான் கிடைத்துவிட்டது' என்று குறிப்பேட்டில் எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கோடு படுப்பதற்கு ஒரு டஜன் காரணங்கள் இருக்கலாம். நொதி தடுக்கப்பட்டது என்பது அவற்றில் ஒன்று மட்டுமே.

2023இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்தத் துறையில் ஒரு பொய்த் தடுப்பானைத் துரத்திக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கழிப்பது சின்ன விஷயமல்ல. அதனால்தான் ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்து, அதற்கு எங்கே பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சோதனைக்கு முன்: நொதியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிவப்பணுவுக்குள் வாழும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் குளுக்கோஸை உடைத்தே பெறுகிறது. அந்தச் சங்கிலியில் என்ஏடி என்ற துணைநொதி என்ஏடிஹெச்சாக மாறித் தீர்ந்துபோகும். லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக எல்டிஹெச், பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றி, என்ஏடிஹெச்சிலிருந்து என்ஏடியை மீட்டுத் தருகிறது. 340 நானோமீட்டர் ஒளியை என்ஏடிஹெச் உறிஞ்சும், என்ஏடி உறிஞ்சாது. சோதனையில் கோடு கீழே சாய்வது அதனால்தான். அது நின்றால் சங்கிலியும் திணறும் என்பதுதான் இந்த நொதியைக் குறிவைப்பதன் அடிப்படை.

ஒரே மாதிரியான நான்கு துணை அலகுகள் சேர்ந்ததுதான் முழு நொதி. ஓர் அலகின் எடை சுமார் 34 கிலோடால்டன். என்ஏடிஹெச், பைருவேட்டை ஒத்த ஆக்சமேட் இரண்டும் பிணைந்த நிலையில் இதன் படிக அமைப்பு 1996இல் வெளியானது. புரதத் தரவு வங்கியில் 1எல்டிஜி என்று தேடினால் கிடைக்கும். இதை இறக்கித் திரையில் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். பின்னால் வரும் பாதிக் குழப்பங்கள் அப்போதே தெளிந்துவிடும்.

பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, பிணையும் வரிசை. முதலில் என்ஏடிஹெச் உட்கார வேண்டும். அதன் பிறகே பைருவேட் வரும். பிறகு ஒரு வளையம் மூடிபோல மடங்கி உள்ளறையை அடைக்கும். உள்ளே ஹிஸ்டிடின் 195 புரோட்டானைத் தருகிறது, அர்ஜினின் 171 பைருவேட்டின் கார்பாக்சிலேட்டைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, அந்த வளையமே. மனித நொதியில் இல்லாத ஐந்து அமினோ அமிலங்கள் ஒட்டுண்ணியின் வளையத்தில் கூடுதலாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றான டிரிப்டோபன் 107தான் பைருவேட்டை அடையாளம் காண உதவுகிறது. மூன்றாவது, 163ஆம் இடம். மனிதனில் அங்கே செரின், ஒட்டுண்ணியில் லூசின். ஓர் அமினோ அமிலம் மாறியதற்கு இவ்வளவு விளைவா என்று நான் இன்றும் வியப்பது இந்த இடத்தைப் பார்த்துத்தான். இதனால் வரும் சிக்கலைக் கீழே பார்ப்போம்.

அறிகுறி: புரதம் கரைசலில் இல்லை, வண்டலில் கிடக்கிறது

இந்த நொதி ஆய்வகப் பாக்டீரியாவான ஈ.கோலையில் பொதுவாக நன்றாகவே உற்பத்தியாகும். வண்டலில் போனால் முதலில் வெப்பநிலையைச் சந்தேகியுங்கள். தூண்டிய பிறகு 18 டிகிரிக்கு இறக்கி இரவு முழுக்க விடுங்கள். உற்பத்தியே குறைவாக இருந்தால் மரபணு வரிசையைப் பாருங்கள். ஃபால்சிபாரத்தின் மரபணுத் தொகுதியில் சுமார் 80 சதவீதம் அடினினும் தைமினும்தான். அப்படியே எடுத்துப் போட்டால் ஈ.கோலை தடுமாறும். ஈ.கோலைக்கு ஏற்றபடி குறிமொழி மாற்றிய மரபணுவைச் செய்து வாங்கிவிடுவதே மேல்.

அறிகுறி: ஜெல்லில் அழகான பட்டை, ஆனால் செயல்பாடு இல்லை

நொதியைக் குறை சொல்வதற்கு முன் என்ஏடிஹெச் குப்பியைக் கையில் எடுங்கள். இது அமிலத்தில் சிதையும், கரைத்து வைத்தால் கெடும். இன்னொன்றும் உண்டு: கரைத்து உறையவைத்த என்ஏடிஹெச்சில், எல்டிஹெச்சையே தடுக்கும் பொருள்கள் உருவாகும். தடுப்பான் எதுவும் போடாத குழாயிலேயே நீங்கள் அறியாமல் ஒரு தடுப்பான் இருக்கும். 260, 340 நானோமீட்டர் இரண்டிலும் ஒளி உறிஞ்சலை அளந்து முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். புதிதாகக் கரைத்தது 2.3ஐ ஒட்டி வரும். அதைவிடத் தெளிவாக உயர்ந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். பைருவேட் கரைசலும் நாள்பட வைத்தால் தனக்குள்ளேயே இணைந்து வேறு பொருளாகும். இரண்டையும் அன்றன்றைக்குக் கரைக்கும் பழக்கம் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

அது சரியாக இருந்தும் செயல்பாடு இல்லையா? அளவுப் பிரிப்புத் தம்பத்தில் ஓட்டிப் பாருங்கள். 136 கிலோடால்டனை ஒட்டி வந்தால் நான்கு அலகுகளும் கூடியிருக்கின்றன. 34இலோ, தம்பத்தின் தொடக்கத்திலேயே திரளாகவோ வந்தால் மடிப்பில்தான் கோளாறு.

அறிகுறி: கோடு ஆரம்பத்திலேயே வளைகிறது

நொதி அதிகம். கணக்கு எளிது. 340 நானோமீட்டரில் என்ஏடிஹெச்சின் மோலார் உறிஞ்சல் 6,220. ஒரு சென்டிமீட்டர் கியூவெட்டில் 100 மைக்ரோமோலார் போட்டால் 0.62இல் தொடங்க வேண்டும். நீங்கள் கலக்கி, மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்தும்போது 0.40 காட்டினால், பார்க்கத் தொடங்கும் முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டது. நேர்கோட்டுப் பகுதியைத் தவறவிட்டுவிட்டீர்கள். மீதி இருக்கும் வளைவில் தடுப்பானின் விளைவைத் தேடினால் எதுவும் கிடைக்காது.

நொதியை நீர்க்கச் செய்யுங்கள். பல நிமிடங்களுக்குக் கோடு நேராக ஓட வேண்டும், அதற்குள் பத்து சதவீதத் தளப்பொருள்தான் (நொதி மாற்றும் பொருள்) செலவாகியிருக்க வேண்டும். அந்த அளவே உங்களுக்கு வேண்டியது. மிகவும் நீர்த்த நொதி பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். கொஞ்சம் ஆல்புமின் சேர்த்தால் நிற்கும். ஆனால் ஆல்புமின் சேர்மங்களையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள்.

96 குழித் தட்டில் ஒளி கடக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர் அல்ல, திரவத்தின் உயரமே. அதைத் திருத்தாமல் 6,220ஐ அப்படியே போட்டவர்களின் செயல்பாட்டுக் கணக்கு பாதியாகக் குறைந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: மனித நொதியை விட ஒட்டுண்ணி நொதியை பல மடங்கு நன்றாகத் தடுக்கிறது

சந்தோஷப்படும் முன் இரண்டு நொதிகளுக்கும் எவ்வளவு பைருவேட் போட்டீர்கள் என்று பாருங்கள். 163ஆம் இடம் இங்கேதான் வேலையைக் காட்டும். மனித எல்டிஹெச்சில் பைருவேட் மிகுந்தால், அது என்ஏடியோடு நொதிக்குள்ளேயே இணைந்து பாதையை அடைக்கும். ஒட்டுண்ணியின் நொதியில் அந்த இடத்தில் லூசின் இருப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஒரே உயர் அளவு பைருவேட்டை இரண்டிலும் போட்டால், மனித நொதி ஏற்கெனவே பாதி அடைபட்ட நிலையில் இருக்கும். அதன் மேல் தடுப்பானின் விளைவை அளப்பதில் பொருளே இல்லை.

மனித நொதியில் அந்த அடைப்பு இல்லாத அளவைத் தேர்ந்துகொண்டாலும், ஐசி50ஐ (நொதியின் செயல்பாட்டைப் பாதியாக்கும் தடுப்பான் செறிவை) நேராக ஒப்பிடாதீர்கள். தளப்பொருளோடு போட்டியிடும் தடுப்பானுக்கு, செங்கும் புருசாஃபும் 1973இல் தந்த சமன்பாடு இருக்கிறது. ஐசி50ஐ, ஒன்றோடு தளப்பொருள் செறிவுக்கும் கேஎம்முக்கும் (நொதி பாதி வேகத்தில் ஓடும் தளப்பொருள் செறிவு) உள்ள விகிதத்தைக் கூட்டிய எண்ணால் வகுத்தால், பிணைப்பின் வலுவைக் காட்டும் உண்மையான கேஐ வரும். ஒரு நொதிக்குக் கேஎம் அளவும், மற்றதற்குக் கேஎம்மைப் போல் பத்து மடங்கும் போட்டதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் இரண்டிலும் ஒரே வலுவில் பிணையும் சேர்மத்துக்கு ஒன்றில் ஐசி50 கேஐயைப் போல் 2 மடங்கு, மற்றதில் 11 மடங்கு வரும். இல்லாத ஒரு தேர்வுத்திறன் ஐந்தரை மடங்காகத் தெரியும்.

சேர்மம் பைருவேட்டின் இடத்தில் போட்டியிடுகிறதா, என்ஏடிஹெச்சின் இடத்திலா என்பதையும் தனித்தனியாகச் சோதித்தே சொல்ல வேண்டும். என்ஏடி பிணையும் பள்ளம் உடலின் எத்தனையோ டிஹைட்ரோஜினேஸ்களில் இருக்கிறது. அங்கே பிணையும் சேர்மம் எல்டிஹெச்சோடு நிற்காமல் மற்றவற்றையும் தொட வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: போடுகிற சேர்மமெல்லாம் தடுக்கிறது

மிக அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். நிதானமாகப் போவோம்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். கரைசலை வெள்ளைத் தாளின் முன் பிடியுங்கள். மஞ்சளாக இருந்தால் 340ஐ ஒட்டிய ஒளியை அதுவும் உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்கலாம். கருவிக்கு வந்து சேரும் ஒளி குறைந்துவிட்டால் சின்ன மாற்றங்கள் இரைச்சலில் மூழ்கும். நொதி இல்லாமல், என்ஏடிஹெச்சும் சேர்மமும் மட்டும் உள்ள குழாயை அளந்துபாருங்கள். அந்தக் குழாயில் என்ஏடிஹெச் தானாகக் குறைந்தால், சேர்மமே அதை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அப்படியானால் நொதியைப் பற்றி உங்கள் அளவீடு எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது திரள். நீரில் சரியாகக் கரையாத சேர்மங்கள் மைக்ரோமோலார் செறிவில் நுண்ணிய திரள்களாகி, நொதியைத் தம் மேற்பரப்பில் ஒட்டவைத்து முடக்கிவிடும். சல்லடைச் சோதனைகளில் வரும் போலித் தடுப்பான்களில் இந்த வகை எவ்வளவு பரவலானது என்பதை பிரையன் ஷோய்செட் குழுவினர் 2002இல் காட்டினார்கள். கண்டுபிடிப்பது கடினமல்ல. திரள்களைக் கலைக்கும், சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100ஐ 0.01 சதவீதம் சேர்த்து மறுபடி அளங்கள். தடுப்பு மறைந்தால் அது திரள். நொதியின் அளவைப் பத்து மடங்காக்கிப் பாருங்கள். ஒழுங்கான போட்டித் தடுப்பானின் ஐசி50 பெரிதாக நகராது, திரளின் ஐசி50 எகிறும். வளைவின் சரிவும் துப்புத் தரும். ஒன்றுக்கு ஒன்றாகப் பிணையும் தடுப்பானில் ஹில் சரிவு 1ஐ ஒட்டி இருக்கும். 2ஐத் தாண்டிச் செங்குத்தாக விழுந்தால் எச்சரிக்கையாகுங்கள். இந்த நொதியில் நான்கு அலகுகள் இருக்கின்றனவே, ஓர் அலகில் பிணைவது மற்றவற்றையும் பாதிக்கும் கூட்டுறவு விளைவாக இருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். கேட்கலாம்தான். ஆனால் டிரைட்டான் சோதனை முடியும் வரை அந்த விளக்கத்தைத் தள்ளியே வையுங்கள்.

மூன்றாவது, வேதிவினை. கோசிப்பால் இதற்கு நல்ல பாடம். பருத்தி விதையில் இருக்கும் இந்த மஞ்சள் நிறமி ஒட்டுண்ணி எல்டிஹெச்சை மைக்ரோமோலார் அளவில் தடுக்கும், என்ஏடிஹெச்சோடு போட்டியிடும். அதன் சாயலில் எத்தனையோ சேர்மங்கள் செய்யப்பட்டன. ஆனால் அதில் இரண்டு ஆல்டிஹைடு தொகுதிகள் இருக்கின்றன. அவை லைசின் போன்ற அமீன்களோடு வினைபுரியும். டிரிஸ் பஃபரிலும் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) அமீன் உண்டு, அதையும் விடாது. இப்படிப்பட்ட சேர்மத்தை அளக்கும்போது அமீன் இல்லாத பஃபருக்கு மாறுங்கள்.

பிடி தளர்கிறதா என்பதையும் சோதியுங்கள். சோதனைக்கு வேண்டியதைப் போல் 100 மடங்கு நொதியையும், ஐசி50ஐப் போல் 10 மடங்கு சேர்மத்தையும் அரை மணி நேரம் சேர்த்து வைத்து, 100 மடங்கு நீர்க்கச் செய்து அளங்கள். தடுப்பான் இப்போது ஐசி50இல் பத்தில் ஒரு பங்கு. விட்டுப் பிரியும் சேர்மமானால் செயல்பாடு 91 சதவீதத்தை ஒட்டித் திரும்பும். திரும்பவில்லை என்றால் அது நொதியோடு ஒட்டியே போய்விட்டது, அல்லது பிரிய மிக நேரமாகிறது.

பஃபரில் டிடிடி என்ற ஒடுக்கி இருக்கிறதா? சில குயினோன்கள் டிடிடியோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், நொதியைப் பழுதாக்குவது அந்தப் பெராக்சைடுதான். கேட்டலேஸ் ஒரு துளி சேர்த்துத் தடுப்பு மறைந்தால் குட்டு வெளிப்பட்டது. இந்த மாதிரித் தொல்லை தரும் கட்டமைப்புகளை பேலும் ஹாலோவேயும் 2010இல் ஒரு பட்டியலாகத் தொகுத்தார்கள். ஆனால் பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு சேர்மத்தைத் தூக்கி எறியாதீர்கள், இல்லாததால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். மேலே சொன்ன சோதனைகளை ஒரே மதியத்தில் முடித்துவிடலாம்.

அறிகுறி: ஒரே சேர்மம், நாளுக்கு ஒரு ஐசி50

சேர்மத்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ கரைப்பானின் அளவு எல்லாக் குழியிலும் ஒன்றுதானா? முன்கூட்டிச் சேர்த்துவைத்த நேரம் ஒன்றுதானா? உறைபெட்டியிலிருந்து எடுத்த சேர்மக் கரைசலில் அடியில் ஏதாவது படிந்திருக்கிறதா? பெரும்பாலும் இந்த மூன்றில் முடிந்துவிடும். மிக வலுவான தடுப்பானென்றால் இன்னொன்று: நொதி 20 நானோமோலார் இருக்கும் குழாயில் ஐசி50 10 நானோமோலாருக்குக் கீழே போகவே முடியாது. அந்த நிலையில் நீங்கள் அளப்பது தடுப்பானின் வலுவை அல்ல, உங்கள் நொதியின் அளவை.

அறிகுறி: படிகம் அருமையாக இருக்கிறது, தடுப்பான் தெரியவில்லை

முதல் கேள்வி: என்ஏடிஹெச் போட்டீர்களா? ஆக்சமேட் என்பது பைருவேட்டின் அச்சு அசல் நகல் போன்றது. மெத்தில் இருந்த இடத்தில் அமினோ இருக்கும், அவ்வளவுதான். பைருவேட்டைப் போலவே அதுவும் என்ஏடிஹெச் உட்கார்ந்த பிறகே வரும். வெறும் நொதிப் படிகத்தில் ஆக்சமேட்டை நாள் முழுக்க ஊறவைத்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

அடுத்தது வளையம். படிகத்தில் பக்கத்து மூலக்கூறு அழுத்திக்கொண்டு வளையம் அசைய முடியாமல் இருந்தால், ஊறவைத்த தடுப்பான் உள்ளே போக வழியில்லை. அல்லது போனதும் வளையம் மூட முயன்று படிகம் வெடிக்கும். ஊறவைத்த துளியில் நுண்ணோக்கியில் பார்க்கும்போதே படிகத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடுகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அது தோல்வி அல்ல, சேர்மம் உள்ளே போகிறது என்பதற்கான துப்பாகவும் இருக்கலாம். அப்போது ஊறவைப்பதை விட்டுவிட்டு நொதி, என்ஏடிஹெச், தடுப்பான் மூன்றையும் முதலிலேயே கலந்து படிகமாக்குங்கள்.

கடைசியாக, எலக்ட்ரான் அடர்த்தியில் ஒரு சின்னத் திட்டு தெரிந்தால் அதில் உங்கள் சேர்மத்தைத் திணிக்க மனம் துடிக்கும். அங்கே சல்ஃபேட்டோ, கிளிசராலோ, பாலிஎத்திலீன் கிளைக்காலின் ஒரு துண்டோ இருக்கலாம். சேர்மத்தை மாதிரியிலிருந்து நீக்கி, அடர்த்தியை மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். சேர்மத்தின் வடிவம் அப்போதும் தெளிவாகத் தெரிந்தால்தான் அது உண்டு.

தெளிவாகத் தெரிந்தாலும் ஒரு எச்சரிக்கை. குளோரோகுயின் இந்த நொதியின் என்ஏடிஹெச் பள்ளத்தில் பிணைந்திருப்பதை 1999இல் படிகத்தில் கண்டார்கள். ஆனால் அந்தப் பிணைப்பு வலுக்குறைந்தது. குளோரோகுயின் ஒட்டுண்ணியைக் கொல்வது வேறு வழியில்: ஒட்டுண்ணியின் உணவுக் குமிழில் ஹீம் படிகமாவதைத் தடுத்து. படிகத்தில் இருப்பதைக் கண்டதும் செயல்முறையைக் கண்டுவிட்டதாக எழுதிவிடக் கூடாது.

அறிகுறி: நொதி நிற்கிறது, ஒட்டுண்ணி சாகவில்லை

சேர்மம் கடக்க வேண்டிய சுவர்களை எண்ணுங்கள். சிவப்பணுவின் சவ்வு, ஒட்டுண்ணியைச் சுற்றிய குமிழின் சவ்வு, ஒட்டுண்ணியின் சொந்தச் சவ்வு. கார்பாக்சிலேட் போன்ற மின்னூட்டம் உள்ள தொகுதி நொதிக்குள் அர்ஜினின் 171ஐப் பிடிக்கும்போது பலம். இந்தச் சுவர்களின் முன்னால் அதுவே தடை. எஸ்டராக மூடி அனுப்பிப் பார்க்கலாம். வளர்ப்பு ஊடகத்தில் உள்ள சீரமோ ஆல்புமினோ சேர்மத்தை விழுங்குகிறதா என்றும் பாருங்கள். அதோடு, இந்த நொதி ஒட்டுண்ணியில் ஏராளமாக உண்டு. பாதியைத் தடுத்தால் போதாது, மீதிப் பாதி வேலையை இழுத்துச் செல்லும்.

அறிகுறி: ஒட்டுண்ணி செத்துவிட்டதாகத் தெரிகிறது

நல்ல செய்திதானே, இதில் என்ன பிழை என்று தோன்றும். நீங்கள் ஒட்டுண்ணிகளை எப்படி எண்ணினீர்கள் என்பதைப் பொறுத்தது.

என்ஏடிக்குப் பதிலாக ஏபிஏடி என்ற மாற்றுத் துணைநொதியைக் கொடுத்தால் ஒட்டுண்ணியின் எல்டிஹெச் விறுவிறுப்பாக வேலை செய்யும், மனித எல்டிஹெச் மந்தமாகவே செய்யும். இதை வைத்து மேக்லரும் ஹின்ரிக்ஸும் 1993இல் ஒரு முறையைத் தந்தார்கள். வளர்ப்பை உடைத்து, லாக்டேட்டும் ஏபிஏடியும் சாயமும் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஒட்டுண்ணி. எத்தனையோ ஆய்வகங்களில் இன்றும் பயன்படும் நல்ல முறை.

இப்போது உங்கள் சேர்மத்தை நினைத்துப் பாருங்கள். அது இதே நொதியின் தடுப்பான். ஒட்டுண்ணி உயிரோடு நன்றாக இருந்தாலும், குழியில் மிச்சமிருக்கும் சேர்மம் நிறம் வரவிடாமல் செய்துவிடும். தட்டு வெளுத்திருக்கும், நீங்கள் எல்லாம் செத்துவிட்டன என்று எண்ணுவீர்கள். வேறெந்தச் சேர்மத்துக்கும் நம்பகமான ஒரு முறை, எல்டிஹெச் தடுப்பானுக்கு மட்டும் பொய் சொல்லும்.

ஒட்டுண்ணியின் டிஎன்ஏவை அளக்கும் சைபர் கிரீன் முறைக்கு மாறுங்கள். முதிர்ந்த சிவப்பணுவில் கரு இல்லாததால் ஒளிர்வது பெரும்பாலும் ஒட்டுண்ணியின் டிஎன்ஏதான். மெல்லிய இரத்தப் பூச்சு ஒன்று எடுத்து ஜீம்சா சாயமிட்டுக் கண்ணாலும் பாருங்கள். வளைய நிலையில் (சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணியின் இளம் நிலை) இருந்தவை முதிர்கின்றனவா, சுருங்கிக் கருத்துக் கிடக்கின்றனவா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பழைய தட்டுகளின் முடிவை நம்பலாமா என்று அறிய ஒரு குறுக்கு வழி உண்டு. சேர்மமே படாத, நன்றாக வளர்ந்த வளர்ப்பை எடுத்து உடையுங்கள். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சோதனைக் குழியில் இருந்த அதே செறிவில் சேர்மத்தையும், மற்றதில் வெறும் டிஎம்எஸ்ஓவையும் சேருங்கள். உடனே ஏபிஏடி கரைசலை ஊற்றிக் காத்திருங்கள். இரண்டிலும் ஒரே நீலம் வந்தால் உங்கள் எண்ணிக்கை சரி. சேர்மம் உள்ளது வெளிறி நின்றால், அந்தத் தட்டுகளை எல்லாம் சைபர் கிரீனில் மறுபடி ஓட்ட வேண்டும்.